கனமான ஸ்டிரைக்கர் தூரம் போகுமா? எடை, நிறை, கேரம், கேம்

கேள்வி, ஜனவரி 11

எங்கள் கிளப்பில் எல்லோரும் கனமான ஸ்டிரைக்கர்தான் தூரம் போகும் என்கிறார்கள். எடை கூடினால் உராய்வும் கூடுமே, அப்புறம் எப்படி? மொபைல் கேமில் எடை கூடிய ஸ்டிரைக்கர் எடுத்தால் காயின்கள் பறக்கின்றன. எதை நம்புவது?

ஜனவரி 11, இரவு 9.40

தூரம் போகாது. ஒரே வேகத்தில் கிளம்பினால் 10 கிராமும் 15 கிராமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். எடை கூடினால் உராய்வு கூடும் என்பது சரி. ஆனால் அந்த உராய்வு நிறுத்த வேண்டிய சரக்கும் அதே அளவு கூடிவிட்டது. இரண்டும் கழிந்துபோகும். மிஞ்சுவது கிளம்பிய வேகம், போர்டின் வழவழப்பு, பூமியின் ஈர்ப்பு, இந்த மூன்றும்தான்.

உராய்வு எண், அதாவது போர்டு எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு, 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கிளம்பும் எதுவும் சுமார் 51 செ.மீ. ஓடி நிற்கும். ஸ்டிரைக்கராக இருந்தாலும் சரி, காயினாக இருந்தாலும் சரி.

ஜனவரி 11, இரவு 11.15

எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போர்டை இறக்கிப் பவுடர் தூவினேன். ஒரு காயின் தனியாக. இரண்டு காயினை ஒன்றின்மேல் ஒன்று வைத்து செல்லோடேப் சுற்றி இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, பின்னால் ஒரு அடி ஸ்கேலை வைத்துத் தள்ளி, பாதியில் ஸ்கேலைச் சட்டென்று நிறுத்தினேன். இரண்டும் ஒரே வேகத்தில் ஸ்கேலை விட்டுக் கிளம்பும், அதற்காகத்தான்.

பத்து முறை தள்ளினேன். இரட்டைக் காயின் எப்போதும் ஒரு விரற்கடை தூரம் குறைவாக ஓடி முன்னாலேயே நின்றது. அப்படியானால் கனமான பொருள் சீக்கிரம் நிற்கிறது. பவுடர் மணிகளை அது அழுத்தி நசுக்குவதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12, காலை 7.05

மேலே கடைசியில் எழுதிய பவுடர் விளக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் இரண்டையும் இடம் மாற்றி வைத்துத் தள்ளினேன். இப்போது ஒற்றைக் காயின் முன்னாலேயே நிற்கிறது. என் போர்டில் இடது பக்கம் பவுடர் குறைவாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். துணியால் துடைத்து மறுபடி தூவினேன். அதற்கப்புறம் எது முன்னால் நிற்கும் என்று சொல்லவே முடியவில்லை.

ஒரு அளவு எடுத்தால் இடத்தை மாற்றி இன்னொரு அளவு எடுக்க வேண்டும். இது பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 12, மதியம்

கிளப்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது வேறு. காலியான போர்டில் ஸ்டிரைக்கரை ஓடவிட்டு யாரும் தூரம் அளப்பதில்லை. காயினை அடித்த பிறகு ஸ்டிரைக்கர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அங்கே கனம் நன்றாகவே வேலை செய்கிறது.

சர்வதேச விதிப்படி காயின் 5 முதல் 5.5 கிராம் இருக்கலாம், ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நேருக்கு நேர் அடி, மீட்சி மோதல் (மோதலில் ஆற்றல் எதுவும் வீணாகாது) என்று கணக்குப் போட்டால், 15 கிராம் ஸ்டிரைக்கர் 5.5 கிராம் காயினை அடித்ததும் காயின் ஸ்டிரைக்கரின் வேகத்தைப்போல் 1.46 மடங்கு வேகத்தில் கிளம்பும். ஸ்டிரைக்கர் தன் வேகத்தில் 46 சதவீதத்தோடு பின்னாலேயே போகும். 10 கிராம் ஸ்டிரைக்கர் என்றால் காயினுக்கு 1.29 மடங்கு, ஸ்டிரைக்கரிடம் மிஞ்சுவது 29 சதவீதம். ஸ்டிரைக்கரும் காயினும் ஒரே எடை என்றால் ஸ்டிரைக்கர் அங்கேயே நின்றுவிடும். பில்லியர்ட்ஸில் நேராக அடித்த பந்து சில சமயம் நின்றுபோகிறதே, அதே கதை.

46-க்கும் 29-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தெரியும். ஆனால் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் மோதலுக்குப் பிறகு 15 கிராம் ஸ்டிரைக்கர் மற்றதைவிட இரண்டரை மடங்கு தூரம் ஓடும். ரெட் காயினைப் போட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து போட வேண்டிய பாலோ காயினையும் அதே அடியில் எடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டரை மடங்குதான் முக்கியம். நிஜமான அடியில் கொஞ்சம் சத்தமாகவும் சூடாகவும் போய்விடும், எண்கள் இறங்கும். வரிசை மாறாது.

ஜனவரி 12, மாலை

"அப்படியானால் பலமுள்ளவனுக்குத்தான் கனமான ஸ்டிரைக்கர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். உலகக் கோப்பையில் எல்லோருக்கும் அதே 15 கிராம் வரம்புதான். போர்டின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். அதற்குள் விரலின் பலம் யாருக்கும் பற்றாக்குறை ஆகாது.

ஜனவரி 13

நேற்றிலிருந்து நானே எடை, கனம் என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைச் சரிசெய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு சொல் உண்டு. நிறை என்பது பொருளிடமே இருப்பது, எங்கே கொண்டுபோனாலும் மாறாது. எடை என்பது அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை. 1901-ல் எடைகள், அளவைகளின் பொது மாநாடு எடை என்பது விசை வகையைச் சேர்ந்தது என்று தீர்மானமே போட்டது. அந்த அளவுக்கு அப்போதும் குழப்பம் இருந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது நம் சொற்களின் வேர். எடை என்பது எடு என்பதிலிருந்து வந்தது. தூக்குகிற கை சொல்வது. நிறை என்பது நிறு என்பதிலிருந்து வந்தது. தராசில் நிறுத்துப் பார்ப்பது. சுருள்வில் தராசு விசையை அளக்கிறது, நிலாவுக்குக் கொண்டுபோனால் ஆறில் ஒரு பங்கு காட்டும். இரண்டு தட்டுத் தராசு ஒரு நிறையை இன்னொரு நிறையோடு ஒப்பிடுகிறது, நிலாவிலும் அதே பதில்தான் சொல்லும். தூக்கிப் பார்ப்பதற்கு ஒரு சொல், நிறுத்துப் பார்ப்பதற்கு வேறு சொல் என்று தமிழில் முன்பே இருந்தது. பாடநூல் எழுதியவர்கள் சரியான சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 13, சற்றுப் பிறகு

மேலே எழுதியதை வைத்து ஒரு கணக்கு. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78, துருவத்தில் 9.83. சென்னையில் சரிபார்த்த டிஜிட்டல் தராசில் சரியாக 15.00 கிராம் காட்டும் ஸ்டிரைக்கரை அதே தராசோடு வடதுருவத்துக்குக் கொண்டுபோனால் 15.08 காட்டும். அங்கே போட்டி வைத்தால் நடுவர் ஸ்டிரைக்கரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். துருவத்திலேயே ஒரு படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்துக்கொண்டால் பிழைத்தோம்.

ஜனவரி 14

நிலாவில் கேரம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மோதல் எல்லாம் இங்கே இருப்பதுபோலவே இருக்கும். 1.46 மடங்கு அங்கேயும் 1.46 மடங்குதான், ஏனென்றால் மோதலில் வருவது நிறை. ஸ்டிரைக்கரைத் தப்பாக அடித்தால் நகம் வலிப்பதும் அதே வலி. உராய்வு மட்டும் ஆறில் ஒரு பங்கு. இங்கே 51 செ.மீ. ஓடும் காயின் அங்கே மூன்று மீட்டர் ஓடப் பார்க்கும். நாலு பக்கமும் கட்டையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

விண்வெளி நிலையத்தில் எடையே கிடையாது, காயின் போர்டில் உட்காராது, ஆட முடியாது.

ஜனவரி 14, இரவு

கடைசி வரியில் "எடையே கிடையாது" என்றதை ஒருவர் பிடித்துவிட்டார். அவர் கேட்பது நியாயம். நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். அங்கே பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடை என்பது பூமி இழுக்கும் விசை என்று நேற்று நானே எழுதிவிட்டேன். அப்படியானால் அவர்களுக்கு எடை இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தாங்கும் தரை இல்லை, அதனால் தராசில் பூஜ்யம். நாம் எடை என்று உடம்பில் உணர்வது தரை நம்மைத் தாங்கும் தாங்கலைத்தான். இதை இத்தனை நாள் படித்துத்தான் வைத்திருந்தேன். இப்போதுதான் மனசில் உட்கார்ந்தது.

அங்கே உடம்பின் நிறையை அளக்க 1973-லேயே ஸ்கைலாப் நிலையத்தில் ஊசலாடும் நாற்காலி வைத்திருந்தார்கள். வில்லோடு கட்டிய நாற்காலியில் ஆள் உட்கார, அது முன்னும் பின்னும் ஆடும். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஆடும் நேரத்தை வைத்துக் கிலோ கண்டுபிடிப்பார்கள். தூக்காமல், ஆட்டி அளக்கிற நிறை.

ஜனவரி 16

இந்த "ஆட்டி அளப்பது" இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா சென்னை கொத்தவால் சாவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதும் அங்கே தூக்கினார். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே நடப்பேன். 50 கிலோ வெங்காய மூட்டை, தலையில் சும்மாடு. இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள். வைத்த கணத்தில் அவர் கழுத்து ஒரு அரை அங்குலம் உள்ளே போகும், அப்புறம் நிமிர்ந்துவிடும். நேர்ப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போவார், எனக்கே கூட ஓட முடியாது. ஆனால் முக்கு வருவதற்கு நாலு எட்டு முன்பே நடை சுருங்கும். திரும்பும்போது சட்டென்று திரும்ப மாட்டார். பாதங்களைச் சின்னச் சின்னதாக வைத்து வளைவாக வருவார். எதிரே கை வண்டி வந்தால் நிற்கிறதுக்குப் பதிலாகச் சுவரோரம் ஒதுங்கி மெல்லப் போய்க்கொண்டே இருப்பார்.

தூக்குறது கஷ்டமா இல்லையாப்பா என்று ஒரு தடவை கேட்டேன். "தூக்கிவிட ரெண்டு பேர் இருக்காங்கடா. நிறுத்துறதுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார்.

இதைக் கணக்காகப் பார்த்தால், நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் போகும் 50 கிலோவை அரை நொடியில் நிறுத்த 120 நியூட்டன் வேண்டும். ஒரு ஆள் 12 கிலோ பாரம் அளவுக்கு மூட்டையை முன்பக்கமாக இழுப்பதுபோல. அதுவும் தலை உச்சியில். இடுப்பில் இழுத்தால் சமாளிக்கலாம், உச்சந்தலையில் இழுத்தால் ஆளே கவிழ்வார். மூட்டையின் எடை நேராகக் கீழே இறங்கி எலும்போடு தரைக்குப் போய்விடுகிறது. மூட்டையின் நிறை திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் வந்து பிடிக்கிறது. பாரத்தின் கஷ்டம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஜனவரி 17

கேம் பக்கம் வருகிறேன், கேள்வியில் பாதி அது.

கேமில் வெயிட் என்றாலே முதலில் ஞாபகம் வருவது ஆட்டக்காரன் பொருள்களைச் சுமக்கும் பை. ஸ்கைரிம் என்ற கேமில் ஆரம்பத்தில் 300 வரை சுமக்கலாம். ஒன்று கூடினாலும் ஓட முடியாது, நடைதான். அதே கேமில் தங்கக் காசுக்கு எடை பூஜ்யம், அம்புக்கும் பூஜ்யம். ஆயிரம் காசு பையில் இருந்தாலும் இறகு மாதிரி. எல்டன் ரிங் என்ற கேமில் சுமக்கும் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் லேசாக உருளலாம், 70-ஐத் தொட்டால் தொப்பென்று விழுந்து உருள வேண்டும். 69-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு மோதிரம்கூட இருக்கலாம். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று நம்மவர்கள் சொன்னதை அப்படியே நம்பர் ஆக்கியதுபோல இருக்கிறது.

இதெல்லாம் எடையும் இல்லை, நிறையும் இல்லை. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று ஆடுகிறவனை யோசிக்க வைக்கிற ரேஷன் அளவு. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பாரமாக இருக்கிறதா என்றால், இல்லை. வேகம் குறைகிறது, அவ்வளவுதான். 300 வெயிட்டைச் சுமந்துகொண்டு போகிறவன், நாம் கன்ட்ரோலர் ஸ்டிக்கை விட்ட உடனே டக்கென்று நிற்கிறான். அப்பா பார்த்தால் நம்ப மாட்டார்.

2019-ல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங் என்ற கேம் ஒன்றில்தான் எனக்கு மூட்டை தெரிந்தது. முதுகில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நடக்கும்போது சட்டென்று திரும்பினால் சுமை ஒரு பக்கம் சாயும், இரண்டு பொத்தானையும் பிடித்துச் சமாளிக்க வேண்டும். சரிவில் ஓடிவந்து நிறுத்தப் பார்த்தால் கால் இன்னும் நாலு எட்டு தானாகப் போகும். அந்த நாலு எட்டைப் பார்த்ததும் கொத்தவால் சாவடி முக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஜனவரி 17, பின்சேர்க்கை

ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமை ஒருவர் நினைவுபடுத்தினார். நல்ல உதாரணம். அதில் "வெயிட்" என்பது அடி வாங்கினால் எவ்வளவு தூரம் தூக்கி எறியப்படுவாய் என்பதற்கு முக்கியமாக. விழும் வேகம் தனி எண். அதில் வரும் ஃபாக்ஸ் லேசான ஆள், ஆனால் சரசரவென்று கீழே விழுவான். அபத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்டால் எவ்வளவு அசைகிறாய் என்பது நிறையின் வேலை. விழும் வேகத்துக்கும் நிறைக்கும் காற்றில்லாத இடத்தில் சம்பந்தமே இல்லை. 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் வல்லூறு ஒன்றின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. இரண்டு எண்ணையும் பிரித்து வைத்தவர் சரியாகவே செய்திருக்கிறார்.

ஜனவரி 18

கபடி? இரண்டும் வேண்டும். காலை ஊன்றிப் பிடி போடும்போது எடை உதவுகிறது, மண்ணில் பிடிமானம் அதிலிருந்துதான் வருகிறது. பாடிப் போகிறவன் கோட்டோரம் வெட்டித் திரும்ப வேண்டும், அங்கே நிறை தடுக்கும்.

ஜனவரி 20

கேள்வியின் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறது. மொபைல் கேமில் கனமான ஸ்டிரைக்கர் எடுத்தால் ஏன் எல்லாம் பறக்கிறது?

நானும் பொழுதுபோக்குக்கு யூனிட்டி என்ற கேம் கட்டும் மென்பொருளில் ஒரு கேரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் பட்டதை வைத்துச் சொல்கிறேன். விரலை இழுத்துவிட்டால் ஸ்டிரைக்கருக்கு ஒரு வேகத்தைக் கொடுக்கிறோம். அந்த வேகத்தை நேராக எழுதிவிட்டால், நிறையை எவ்வளவு கூட்டினாலும் அதே வேகத்தில்தான் கிளம்பும். கூடுதல் நிறை இலவசம். நிஜ விரலுக்கு அது இலவசம் கிடையாது. விரல் அதே பலத்தோடு சுண்டினால் கனமான ஸ்டிரைக்கர் மெதுவாகத்தான் கிளம்பும். அதனால் வேகத்தைக் கொடுக்காமல் தள்ளலைக் கொடுக்க வேண்டும். அப்போது இயற்பியல் எஞ்சின் நிறையால் வகுத்துக்கொள்ளும். பறப்பது நின்றுவிடும்.

எனக்கு அதைவிட அதிகம் தொல்லை கொடுத்தது நிற்பது. மேலிருந்து பார்க்கும் போர்டு என்பதால் ஈர்ப்பைப் பூஜ்யம் ஆக்கியிருந்தேன். காயின் நிற்க வேண்டுமே என்று லீனியர் டிராக், அதாவது ஓட்டத்தை மெல்லக் குறைக்கும் இழுவை, போட்டேன். ஓடியது. ஆனால் ஏதோ சரியில்லை. காயின்கள் சோப்புத் தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தன. நிறையை 5.5, 50, 500 என்றெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஓட்டம் கொஞ்சமும் மாறவில்லை. மூன்று வாரம் போனது.

காரணம் இதுதான். டிராக் வேகத்துக்கு ஏற்றபடி குறைக்கிறது. வேகமாகப் போனால் அதிகம் பிடிக்கும், மெதுவானால் மெதுவாகப் பிடிக்கும். அதனால் கடைசியில் காயின் நிற்கவே மனமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பவுடர் போட்ட போர்டு அப்படிப் பிடிப்பதில்லை. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஒரே பிடி. அதனால் நிஜக் காயின் கடைசி இரண்டு அங்குலத்தில் டப்பென்று நின்றுவிடும். பாக்கெட் விளிம்பில் வந்து நிற்கும் காயினைப் பார்த்து மூச்சைப் பிடிக்கிறோமே, அந்த நிற்றல்.

டிராக்கை எடுத்துவிட்டேன். 0.02 நொடிக்கு ஒருமுறை வேகத்திலிருந்து 0.1 × 9.78 × 0.02, அதாவது கிட்டத்தட்ட 0.02 மீட்டர்/நொடி, கழித்தேன். வேறொன்றையும் மாற்றவில்லை. முதல் அடியிலேயே காயினுக்குக் கனம் வந்துவிட்டது. இத்தனைக்கும் நிறையைத் தொடவே இல்லை. அது நிற்கும் விதம்தான் மாறியது.

ஜனவரி 20, இரவு

மேலே சொன்னதைப் போடுகிறவர்கள் கவனிக்கவும். மிச்சமிருக்கும் வேகம் 0.02-க்குக் கீழே வந்தால் கழிக்காமல் நேராகப் பூஜ்யம் ஆக்குங்கள். இல்லையென்றால் காயின் பின்னால் ஒரு மயிரிழை, முன்னால் ஒரு மயிரிழை என்று நடுங்கிக்கொண்டே நிற்கும்.

ஜனவரி 23

முதலில் கேட்டவர் 0.1 எங்கிருந்து வந்தது என்கிறார். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண் அது. உங்கள் போர்டுக்கு நீங்களே அளந்துகொள்ளலாம். போர்டின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்குங்கள். லேசாகத் தட்டிவிட்ட காயின் வேகம் கூடாமலும் குறையாமலும் சறுக்குகிற சாய்வில் நிறுத்துங்கள். தூக்கிய உயரத்தை, அந்த ஓரத்துக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து எதிர் ஓரம் வரையுள்ள தரை நீளத்தால் வகுத்தால் வருவதுதான் உராய்வு எண். தராசே வேண்டாம்.

ஜனவரி 26

அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் வெகுநாள் கேரம் ஆடியவர், இப்போது விரல் மடங்குவதில்லை. நாலு அடி அடித்தார். காயின் நிற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அப்புறம் "மழைக்காலத்துல இப்படி ஓடாதே" என்றார். ஈரம் ஏறினால் போர்டு இழுக்கும் என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. மழை என்று ஒரு பொத்தான் வைத்து 0.14 போட்டேன். ஆடிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். இப்போது 0.17-ல் இருக்கிறது.